வண்டியில கேமரா சரி, பதிவு யார் கையில?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து எழுதறேன். போலீஸ் ரோந்து வண்டில கேமரா மாட்டணும்னு நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் ரெண்டு மூணு வந்துச்சு, எல்லாம் ஒரே பாட்டுதான், கேமரா வந்துட்டா லஞ்சம் போயிடும், அடிதடி போயிடும், போலீசும் ஜனங்களும் அண்ணன் தம்பி ஆயிடுவாங்கன்னு. படிக்க நல்லாதான் இருந்துச்சு. ஆனா அந்தக் கேமரால பதிவாகறது எல்லாம் கடைசில எங்க போய்ச் சேருது, யாரு எடுத்துப் பாக்கலாம், யாரு அழிக்கலாம்னு ஒருத்தர் கூட கேக்கல. எனக்கு அதுதான் விஷயமே. அதனாலதான் ஞாயித்துக்கிழமை உக்காந்து இத டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாயிடுச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா கடைசி பாகத்த மட்டும் வெட்டாதீங்க.

நான் தூத்துக்குடி பக்கத்து ஆளு. இங்க மளிகை சாமான் மொத்த வியாபாரம் பண்ற ஒருத்தர்கிட்ட டெலிவரி வண்டி ஓட்டறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், சில நாள் என்3 ரோட்டுல பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும். ரோடுதான் ஆபீஸ், அதனால போலீஸ் வண்டிய பாக்காத நாள் கிடையாது. எங்க கோயில்ல அன்னதானத்துக்கு காய் நறுக்குற எடத்துல தான் இந்த கேமரா பேச்சு பெரிய சண்டையாவே போச்சு. அங்க ரெண்டு வகை தமிழாளுங்க உண்டு, என்ன மாதிரி இப்ப பொழப்புக்கு வந்தவங்க, அப்புறம் 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து நின்னதுல ஆரம்பிச்சு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட பேரன் பேத்திங்க. அவங்க இங்கிலீஷ்ல தான் சண்ட போடுவாங்க, நடுவுல அய்யோ, ஆயா, தாத்தா, சாமி இதெல்லாம் தமிழ்ல வரும். சண்ட என்னமோ நல்லா புரியும்.

முதல்ல இந்த கேமரா எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேரு இது ஜனங்க போராடி போலீஸ் மேல மாட்டி விட்டதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்லீங்க. அமெரிக்கால 80-கள்ல குடிச்சிட்டு வண்டி ஓட்டறவங்கள கோர்ட்ல மாட்ட வைக்கத்தான் போலீசே இத மாட்டுச்சு. ரோட்டுல தள்ளாடினவன் மூணு மாசம் கழிச்சு கோட்டு சூட்டோட கோர்ட்டுக்கு வந்து நின்னா ஜட்ஜ் எப்படி நம்புவாரு, அதான் வீடியோ. 1991 ஜனவரில டெக்சாஸ்ல டாரெல் லன்ஸ்ஃபோர்ட்னு ஒரு கான்ஸ்டபிள், விடியக்காலைல தனியா ஒரு கார நிறுத்துறாரு, மூணு பேரு எறங்கி அவர ரோட்டுலயே கொன்னுட்டு போயிடறாங்க. சாட்சின்னு சொல்ல அங்க ஒரு ஈ காக்கா இல்ல. அவரு வண்டில இருந்த கேமரா மட்டும் எல்லாத்தையும் எடுத்து வச்சிருந்துச்சு, அத வச்சுதான் மூணு பேருக்கும் தண்டனை கெடச்சுச்சு. அதுக்கப்புறம் தான் போலீஸ்காரங்களே எங்களுக்கும் குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. 2000-ல அமெரிக்க மாநில ரோந்து வண்டிகள்ல 11 சதவீதத்துல தான் கேமரா, மத்திய அரசு காசு குடுத்ததும் மூணே வருஷத்துல அது 72 சதவீதம் ஆச்சு. சர்வதேச காவல்துறைத் தலைவர்கள் சங்கம் பண்ணின ஆய்வுல, புகார் வந்து வீடியோவும் இருந்த கேஸ்கள்ல 93 சதவீதத்துல போலீஸ்காரர் மேல தப்பு இல்லன்னு ஆச்சாம். அது போலீசோட சொந்த சங்கம், கொஞ்சம் சந்தேகத்தோட தான் எடுத்துக்கணும், இருந்தாலும் பாதிய கழிச்சாலும் பெரிய நம்பர்தான்.

எங்க கோயில்ல ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர் இருக்காரு, பேரு வேணாம். நாலாவது தலைமுறை, திருப்புகழ் பாடுவாரு ஆனா அர்த்தம் கேட்டா சிரிப்பாரு. அவரு சொன்னது, ஒரு குடிகாரன், இவரு தன் பர்ஸ திருடிட்டாருன்னு இவரு மேல புகார் குடுத்து அது ரெண்டு வருஷம் இழுத்துச்சாம், ப்ரமோஷன் நின்னுச்சு, வீட்டுல பொண்டாட்டியே ஒரு நாள் நெஜமாவே எடுத்தீங்களான்னு கேட்டுட்டாங்களாம். அதச் சொல்றப்ப கையில இருந்த பூசணிக்காய கீழ வச்சிட்டாரு. கடைசில ஒண்ணும் இல்லன்னு ஃபைல மூடினாங்க, குத்தம் நிரூபிக்கலன்னுதான் எழுதினாங்களே தவிர இவரு எடுக்கலன்னு எழுதல. வண்டில ஒரு கேமரா இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை அண்ணேன்னு நான் சொன்னேன், தம்பி, பதிவ யாராச்சும் பத்திரமா வச்சிருந்தா தானேன்னு அவரே சொன்னாரு. முப்பது வருஷம் உள்ள இருந்த மனுஷன் சொல்றாரு பாருங்க.

இப்ப இந்த சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும், இல்லன்னா நான் சொல்றது வீம்பு மாதிரி தெரியும். நம்ம கார்ல மாட்டற டேஷ்கேம் சிகரெட் லைட்டர் ஓட்டைல சொருகினா ஓடிட்டே இருக்கும், கார்டு நிறைஞ்சதும் பழச அழிச்சு மேலயே எழுதும், வண்டி இடிச்சா மட்டும் அந்த துண்டு அழியாம பூட்டிக்கும். போலீஸ் வண்டில இருக்கறது வேற. மேல சுத்தற லைட்ட போட்டாலே தானா பதிவு ஆரம்பிக்கும், வேகம் ஒரு அளவுக்கு மேல போனாலும் இடிச்சாலும் ஆரம்பிக்கற மாதிரி வைக்கலாம். முன்னாடி ஒண்ணு, பின் சீட்டுல உக்கார வைக்கறவங்கள பாத்து ஒண்ணு. அதிகாரி இடுப்புலயோ சட்டையிலயோ ஒரு வயர்லெஸ் மைக், அவரு கார விட்டு தள்ளிப் போனாலும் பேச்சு கேக்கணும்ல. ஸ்டேஷனுக்கு திரும்பினதும் வைஃபைல சர்வருக்கு ஏறிடும்.

இதுல ரொம்ப அழகான விஷயம் ஒண்ணு இருக்கு. லைட்ட போடறதுக்கு முன்னாடி நடந்ததும், அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ, அதுல இருக்கும். கேமரா எப்பவும் முழிச்சிட்டு தான் இருக்கும், ஸ்விட்ச் போட்டா அந்த முந்தின துண்டையும் சேத்து காப்பாத்திக்கும். 2017-ல அமெரிக்காவுல பால்டிமோர் ஊர்ல ஒரு போலீஸ்காரர் சட்டையில மாட்டின கேமராவ ஆன் பண்ணிட்டு குப்பைக்குள்ள இருந்து போதை மருந்து பொட்டலத்த கண்டுபிடிக்கறாரு, ஆஹா கெடச்சிடுச்சுன்னு. ஆனா ஸ்விட்ச்சுக்கு முந்தின 30 வினாடி படத்துல அவரே அத அங்க வைக்கறது தெரியுது. சத்தம் இல்ல, படம் மட்டும். அப்படி ஒண்ணு பதிவாகும்னு மனுஷனுக்கு தெரியல போல. சாட்சிய ஜோடிச்சாருன்னு அடுத்த வருஷம் கோர்ட் அவருக்கு தண்டனை குடுத்துச்சு. ஏன் மாட்டினாருன்னா, அந்த 30 வினாடி அவரு கைக்கு எட்டாத எடத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.

கைக்கு எட்டினா என்ன ஆகும்னு சிக்காகோ காட்டுச்சு. 2014 அக்டோபர் 20, லக்வான் மெக்டொனால்ட்னு 17 வயசு பையன், கையில சின்ன கத்தி. ஒரு போலீஸ்காரர் 16 தடவ சுட்டாரு. பையன் எங்கள பாத்து வந்தான் கத்தியோட பாஞ்சான்னு போலீஸ் தரப்பு சொல்லுச்சு. அங்க நின்ன ரோந்து வண்டில கேமரா ஓடிட்டு இருந்துச்சு, அதுல பையன் விலகி நடந்து போறது தெளிவா இருக்கு. ஆனா அந்த வீடியோ வெளிய வர 13 மாசம் ஆச்சு, 2015 நவம்பர்ல ஒரு ஜட்ஜ் உத்தரவு போட்டதும் தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே மாநகராட்சி குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாச்சு, அப்ப உள்ள இருக்கறவங்களுக்கு என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கு தானே. இன்னொரு கூத்து கேளுங்க, அந்த எடத்துல பல வண்டி நின்னுச்சு, ஒண்ணுல கூட உருப்படியா சத்தம் இல்ல. அப்புறம் தான் மொத்த ஊர் வண்டியையும் சோதிச்சுப் பாத்தாங்க, 80 சதவீதம் டேஷ்கேம்ல ஆடியோ பதிவாகல. எல்லாம் மெஷின் கோளாறுன்னு நெனைக்காதீங்க. மைக்க டேஷ்போர்டு பெட்டிக்குள்ள போட்டு மூடி வச்சிருந்தாங்க, பேட்டரிய கழட்டிட்டாங்க, ஆன்டெனாவ ஒடச்சிருந்தாங்க. அத்தன காசு குடுத்து வாங்கின கேமரா ஊமையா கெடந்துச்சு. சுட்டவருக்கு 2018-ல தான் ஜூரி கொலைன்னு தீர்ப்பு குடுத்துச்சு, தண்டனை ஏழு வருஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. அது போதுமா போதாதான்னு நான் இங்க பேசல.

இப்ப எங்க ஊருக்கு வரேன்.

போன குளிர்காலத்துல ஒரு ராத்திரி, என்3-ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏத்தத்துக்கு கொஞ்சம் முன்னாடி நீல லைட்டு போட்டு நிறுத்தினாங்க. பின்னாடி அரிசி மூட்டையும் துவரம்பருப்பும், ஒரு கோயில் பூசைக்கு வாழையிலை கட்டும். லைசென்ஸ் கார்டு குடுத்தேன், கண்ணாடில ஒட்டின வரி டிஸ்க்க டார்ச் அடிச்சு பாத்தாரு, டயர பாத்தாரு, இண்டிகேட்டர் போடச் சொன்னாரு, எல்லாம் சரி. அப்புறம் ஜன்னல் கிட்ட வந்து பேச்ச இழுக்க ஆரம்பிச்சாரு, ரொம்ப குளிரா இருக்கு, டூட்டி காலை வரைக்கும் இருக்குன்னு. இந்த நாட்டுல வண்டி ஓட்டறவங்களுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியும், கூல்டிரிங்க் கேப்பாங்க, நம்ம ஊர்ல டீச்செலவுன்னு கேக்கற மாதிரி. அப்பதான் கண்ணாடில என் டேஷ்கேம்ல சிவப்பு புள்ளி மினுக்கறத பாத்தாரு. இது ஓடுதான்னு கேட்டாரு. ஆமான்னேன். வயர புடுங்குன்னாரு. எந்த சட்டத்துலன்னு கேக்க எனக்கு வாய் வரல, வெளிநாட்டுக்காரன், பர்மிட்ல வேலை பாக்கறவன், புடுங்கிட்டேன். அதுக்கப்புறம் தான் கேட்டாரு. நான் தரல, என்கிட்ட கம்பெனி பணம் தவிர இல்லன்னு சொன்னேன், சரி இறங்கி நில்லுன்னாரு. மூச்சு விட்டா புகையா வருது, ரொம்ப நேரம் நின்னேன். கடைசில பின்னாடி பெரிய ட்ரக் ஒண்ணு வந்துச்சு, என்ன விட்டுட்டு அத நிறுத்தப் போயிட்டாரு, பெரிய மீன் பாருங்க.

இத ஏன் சொல்றேன்னா, என் காசுல வாங்கின என் வண்டில இருக்கற கேமராவையே ஒரு வார்த்தைல அணைக்க வச்சாரு. அவரு வண்டில ஒண்ணு இருந்து அதோட ஸ்விட்ச்சும் அவரு கிட்ட தான்னா அது அன்னைக்கு ஓடியிருக்குமா? பாலுக்கு பூனைய காவல் வச்ச கதைதான்.

எல்லா போலீசும் அப்படின்னு சொல்லல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல இடுப்பளவு தண்ணில ஆளுங்கள தூக்கிட்டு வந்த போலீசையும் பாத்தவன் தான் நானு.

ஆனா இந்த நாட்டுல போலீஸ் தப்பு வெளிய வந்த பெரிய கேஸ்கள எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் போலீசோட கேமரா கெடையாது, ரோட்டுல போனவன் போன்தான். 2013 பிப்ரவரில ஜொஹானஸ்பர்க் பக்கம் டேவிட்டன்ல மீடோ மாசியான்னு மொசாம்பிக் நாட்டு டாக்ஸி டிரைவர், தப்பான எடத்துல வண்டிய நிறுத்தினாருன்னு ஆரம்பிச்ச தகராறு, அவர போலீஸ் வேன் பின்னாடி கட்டி ரோட்டுல இழுத்துட்டு போனாங்க, அன்னைக்கே செல்லுல செத்துட்டாரு. போலீஸ் மொதல்ல சொன்ன கதை, இவரு ஒரு அதிகாரிய அடிச்சு துப்பாக்கிய புடுங்கினாருன்னு. சுத்தி நின்னவங்க போன்ல எடுத்த வீடியோ மட்டும் வரலன்னா அந்த கதைதான் நின்னுருக்கும். 2015-ல 8 போலீஸ்காரங்களுக்கு ஆளுக்கு 15 வருஷம் ஜெயில். 2023 ஜூலைல துணை ஜனாதிபதியோட பாதுகாப்பு போலீசுங்க என்1 ரோட்டுல ஒரு கார நிறுத்தி உள்ள இருந்தவங்கள கீழ போட்டு மிதிச்சாங்களே, அதையும் பின்னாடி வண்டில வந்த ஒருத்தர் எடுத்ததாலதான் நாடே பாத்துச்சு.

மரிக்கானாவ எடுத்துக்கோங்க. 2012 ஆகஸ்ட் 16, பிளாட்டின சுரங்கத் தொழிலாளிங்க 34 பேர போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. அது ரெண்டு எடத்துல நடந்துச்சுன்னு எத்தன பேருக்கு தெரியும்? மொதல் எடத்துல டிவிக்காரங்க நின்னாங்க, அந்த படம் உலகம் பூரா போச்சு, இன்னைக்கும் மரிக்கானான்னா அந்த புழுதியும் சத்தமும் தான் ஞாபகம் வரும். ரெண்டாவது எடம் கொஞ்சம் தள்ளி, பாறை மேட்டுக்கு பின்னாடி, அங்கயும் 17 பேரு. அங்க டிவி இல்ல. அவ்வளவு போலீஸ் வண்டி, ஹெலிகாப்டர் எல்லாம் வந்த எடத்துல அந்த சுடறத முழுசா காட்டற போலீஸ் படம்னு ஒண்ணு விசாரணை கமிஷனுக்கு வரல. பாறைக்கு நடுவுல ஒளிஞ்சவங்க எப்படி செத்தாங்கன்னு போஸ்ட்மார்ட்டத்தையும் தோட்டா விழுந்த தெசையையும் வச்சு கணக்கு போட வேண்டியதா போச்சு.

இந்திய வம்சாவளி ஆளுங்க நிறைய இருக்கற ஃபீனிக்ஸ் பத்தியும் ஒரு வார்த்த சொல்லணும், நம்மாளுங்க நிறைய பேருக்கு புடிக்காது. 2021 ஜூலை கலவரத்துல எங்க மாகாணத்துலயும் ஜொஹானஸ்பர்க் இருக்கற கௌடெங் மாகாணத்துலயும் சேத்து 350 பேருக்கு மேல செத்தாங்க, ஃபீனிக்ஸ்ல மட்டும் 36 பேருன்னு போலீஸ் மந்திரியே சொன்னாரு. தெரு முனைல தடுப்பு போட்டு காவல் இருந்தவங்கள்ல உசுருக்கு பயந்து நின்னவங்களும் உண்டு, நின்ன எடத்துல அநியாயம் பண்ணினவங்களும் உண்டு, அங்க செத்தவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள், அத மூடி மறைச்சு பேசறதுல அர்த்தம் இல்ல. அந்த நாலஞ்சு நாளும் ரெண்டு பக்கத்து ஜனமும் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், போலீஸ் எங்க? டேஷ்கேம்ல படத்தோட சேந்து ஜிபிஎஸ் எடமும் நேரமும் பதிவாகும். எந்த வண்டி எந்த தெருவுல நின்னுச்சு, எது ஸ்டேஷன் வாசல விட்டே நகரலன்னு ஒரு மணி நேரத்துல சொல்லிடலாம். போலீஸ் பண்ணினத மட்டும் இல்ல, வராம போனதையும் கேமரா காட்டும், இத உங்க பேப்பர்ல எழுதினவங்க யாரும் யோசிக்கல.

கோயில்ல ஒரு அக்கா, சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளந்தவங்க, இதையெல்லாம் கேட்டுட்டு ஒரே போடா போட்டாங்க. தம்பி, 10111-க்கு போன் போட்டா வண்டி இல்லங்கறான், இருக்கற வண்டி ரிப்பேர்ல நிக்குது, டயர் வாங்க காசு இல்லாதவன் கேமரா வாங்குவானான்னு. அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லீங்க. இங்க போலீஸ விட தனியார் செக்யூரிட்டி ஆளுங்க ரெண்டு மடங்குக்கும் மேல, எங்க தெருவுக்கு வர்ற அவங்களோட ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் வண்டில, அதாவது கூப்பிட்டா துப்பாக்கியோட வர்ற வண்டில, கேமரா இருக்கு, ஜனங்க மாசா மாசம் காசு கட்டறாங்க, அதனால அவன் மாட்டறான். கேப் டவுன் மாநகராட்சி 2023-ல இருந்து தன் வண்டிகள்ல டேஷ்கேம் போட ஆரம்பிச்சிருக்கு, நம்பர் பிளேட்ட தானா படிக்கற சாப்ட்வேரோட. தேசிய போலீஸ் இத வருஷா வருஷம் பேசறதோட சரி. நான் அந்த அக்காவுக்கு சொன்னது, தப்பா புடிச்சாங்க அடிச்சாங்கன்னு போலீஸ் மேல ஜனங்க போடற கேசுக்கு அரசாங்கம் வருஷா வருஷம் கட்டற நஷ்ட ஈடு கொஞ்ச நஞ்சம் இல்ல, அதுல ஒரு பங்குல கேமராவும் வாங்கலாம் டயரும் வாங்கலாம். அவங்க உதட்ட பிதுக்கிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க.

சரி பதிவு யார் கையில இருக்கணும்? இங்க ஐபிஐடின்னு ஒரு அமைப்பு 2012-ல இருந்து இருக்கு, போலீஸ் மேல வர்ற புகார விசாரிக்கறதுக்குன்னே, போலீசுக்கு கீழ இல்லாம தனியா. காவல்ல சாவு, போலீஸ் சுட்டு சாவு, சித்திரவதை, பலாத்காரம் எல்லாம் அவங்க கிட்டதான் போகணும். ஆள் பத்தாது, காசு பத்தாது, அது வேற கதை. ஆனா தனியா ஒரு கதவு இருக்கு. என் ஆசை என்னன்னா, வண்டி ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சதும் பதிவு ஏர்ற சர்வரோட பாஸ்வேர்டு ஸ்டேஷன் அதிகாரி கிட்ட இருக்கக் கூடாது, இந்த மாதிரி ஒரு அமைப்பு கிட்ட இருக்கணும். போலீஸ் பாக்கட்டும், தன் கேசுக்கு காப்பி எடுக்கட்டும், ஆனா அழிக்கற பட்டன் அவங்க ஸ்க்ரீன்லயே இருக்கக் கூடாது. யாரு எப்ப தொறந்து பாத்தாங்கங்கறதும் பதிவாகணும்.

அத விட முக்கியம், பதிவு காணாம போனா என்ன? கேமரா ரிப்பேர், மைக் வேலை செய்யல, கார்டு கெட்டுப்போச்சு, இந்த மூணு பதில வச்சுக்கிட்டு தப்பிச்சிட்டே இருக்கலாம். டூட்டி ஆரம்பிக்கறப்ப பிரேக் பாக்கற மாதிரி கேமராவும் மைக்கும் ஓடுதான்னு பாத்து கையெழுத்து போடணும், போட்டப்புறம் சரியா அந்த சம்பவத்துக்கு மட்டும் படம் இல்லன்னா கோர்ட் அத போலீஸ் தரப்புக்கு எதிரா எடுத்துக்கணும், ஏன் இல்லன்னு நிரூபிக்கற பாரம் அவங்க மேல. இது ஒண்ணு இல்லன்னா கேமராவுக்கு செலவு பண்றது தண்டம்னே சொல்வேன்.

ஜனங்களோட மானம் மரியாதையும் இருக்கு. ரோந்து வண்டி கேமரால திருடன் மட்டும் மாட்ட மாட்டான், புருஷன் கிட்ட அடி வாங்கி நைட்டியோட ரோட்டுக்கு ஓடி வந்த பொண்ணும் விழுவா, ஆக்ஸிடென்ட்ல செத்தவரும் விழுவாரு. அது எவனோ ஒருத்தன் போன்ல ஏறி வாட்ஸ்அப் குரூப்ல சுத்தறத நாம பாத்துட்டு தானே இருக்கோம், அனுப்பறவன் கீழ கும்புடற பொம்ம வேற போட்டு அனுப்புவான். இங்க தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் 2021 ஜூலைல இருந்து முழுசா நடைமுறைல இருக்கு, தகவல் கேக்கற சட்டம் 2000-லயே வந்தாச்சு, கேட்டா 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டையும் வச்சு ஒரு வழி பண்ணலாம், படத்துல இருக்கறவரோ செத்தவர் குடும்பமோ கேட்டா குடு, மத்தவன் மூஞ்சிய மறைச்சுக் குடு, சும்மா வேடிக்கை பாக்க கேக்கறவனுக்கு குடுக்காத.

நம்ம ஊர்க் கதைக்கு வந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும், என் ஊர்ல இருந்து சாத்தான்குளம் பஸ்சுல போற தூரம்தான். 2020 ஜூன்ல அப்பாவும் மகனும் அந்த ஸ்டேஷன்ல அடி வாங்கி செத்தாங்க. அந்த ஸ்டேஷன்ல சிசிடிவி இருந்துச்சு அய்யா! இருந்துச்சு! விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாத்து எழுதினது என்ன, ஹார்டு டிஸ்க்ல இடம் இருந்தும் தினம் தினம் தானா அழியற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்கன்னு. சம்பந்தப்பட்ட நாள் பதிவு எதுவும் இல்ல. ஆனா போலீஸ் எஃப்ஐஆர்ல, ரெண்டு பேரும் தரைல உருண்டு ரகள பண்ணினாங்கன்னு எழுதினது பொய்யின்னு காட்டினது எது? அவங்க கடைக்கு பக்கத்துல யாரோ ஒருத்தர் கடைல இருந்த கேமரா. அது போலீஸ் கையில இல்லாததால பொழச்சுச்சு. அந்த வருஷம் டிசம்பர் 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் நாட்டுல எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா போடணும், இரவுலயும் தெரியணும், சத்தத்தோட பதிவாகணும், 18 மாசம் பதிவ வச்சிருக்கணும், அதுக்கு வசதி இல்லன்னா குறைஞ்சது ஒரு வருஷமாச்சும் வைக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. எத்தன ஸ்டேஷன்ல அப்படி இருக்குன்னு நீங்க தான் அங்க பக்கத்துல இருக்கீங்க, போய் பாத்து எழுதலாம்.

அதனால ஆசிரியர் அய்யா, அடுத்த தடவ அங்க ரோந்து வண்டிக்கு கேமரா வாங்கறோம்னு ஒரு அதிகாரி பேட்டி குடுத்து, ரிப்பன் வெட்டற போட்டோவும் உங்களுக்கு வந்துச்சுன்னா, உங்க நிருபர ஒரு நாலு கேள்வி கேக்க சொல்லுங்க. பதிவு எத்தன நாள் இருக்கும், சர்வர் யாரு கட்டடத்துல இருக்கு, அழிக்கற அதிகாரம் எந்த பதவிக்காரர் கிட்ட இருக்கு, மைக் வேலை செய்யலன்னா அன்னைக்கு அந்த வண்டி ரோட்டுக்கு வருமா வராதா. டெண்டர் பேப்பர்ல இதெல்லாம் எழுதித்தான் ஆகணும், எழுதலன்னா அதையே தலைப்பா போடுங்க. கேமரா எத்தன மெகாபிக்சல்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க.

இப்படிக்கு,
வேன் ஓட்டும் ஒரு வாசகன்,
டர்பன், தென்னாப்பிரிக்கா